மெமரி மாமா

மெமரி மாமா என்பவர், எந்த வீட்டில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் "ராம் கூட்டிப் போட்டா சரியாயிடும்" என்று சொல்லி, சொன்னதோடு நில்லாமல் தாமே வந்து போட்டும் கொடுப்பவர். தமிழ்க் குடும்பங்கள் உள்ள ஊரிலெல்லாம் இவர் உண்டு. திருவனந்தபுரத்தில் பழவங்காடியிலிருந்து கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத் தெருக்கள் வரை சற்று அடர்த்தியாகவே தென்படுகிறார். பெரும்பாலும் அரசு உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்குக்கு மகன் வேலைக்குப் போகிறான். அவனைக் கேட்டால் நேரமில்லை என்பான். அப்பாவைக் கேட்கவே வேண்டாம்.

பெரிய வேலைக்கு இறங்குமுன் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய். அங்கே தேங்காய் உடைப்பதுதான் முக்கிய வழிபாடு. பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் நாயர் படையினர் வணங்கிய கணபதி இவர். படை திருவனந்தபுரத்துக்கு மாறியபோது கூடவே வந்தவர். கோயிலை இன்றும் நிர்வகிப்பது இந்திய ராணுவம். அந்த ராணுவ ஒழுங்கைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு, செருப்பை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தவர் மாமா என்பது கேபினெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும். சுவரில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். மாமா முதலில் கை வைப்பார். ஸ்விட்ச் ஞாபகம் பிறகு வரும்.

ஆயுதங்கள் மூன்று: ஸ்குரூ டிரைவர், பழைய பெயின்ட் பிரஷ், பேரனின் பென்சில் ரப்பர். ரப்பரைக் கேலி செய்வதற்கில்லை. இடவப்பாதிப் பருவமழையின் ஈரத்தில் ராமின் பொன்னிறக் கால்களில் மெல்லிய களிம்பு படரும்; மெதுவாகத் தேய்த்தால் போகும். தேய்த்த துகளைத் துடைக்காமல் அப்படியே ஸ்லாட்டில் செருகுவதுதான் மாமாவின் சொந்தச் சேர்க்கை.

செருகுவதிலும் ஒரு பாணி உண்டு. ராம் சரியாக உட்கார்ந்தால் ஓரத்துக் கொக்கி 'டக்'கென்று தானே மூடிக்கொள்ளும். அதற்குக் கொஞ்சம் அழுத்த வேண்டும். போர்டு லேசாக வளையும். அந்த வளைவைக் கண்டதும் மாமா பாதியில் கையை எடுத்துவிடுவார். ஆன் செய்தால் திரை இருட்டு, 'பீ... பீ...' என்று நீளமான முறையீடு. பல போர்டுகளில் அதற்குப் பொருள், ராம் தெரியவில்லை என்பதே. மாமா சொல்லும் பொருள்: "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்." டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ராமைச் செருகப் பார்த்தவர்களும் இந்த இனத்தில் உண்டு. ஒன்றுக்கு 240 கால், மற்றதற்கு 288. வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். "கடைக்காரன் தலைகீழா குடுத்துட்டான்" என்பதே அப்போது வரும் தீர்ப்பு.

புதியதையும் பழையதையும் கலந்து போடுவது இவருக்குப் பிடித்த சிக்கனம். 1333 வேகத்து ராமோடு 1600-ஐச் சேர்த்தால் இரண்டும் 1333-லேயே ஓடும். பாட்டியோடு கோயில் சீவேலிப்புரை சுற்றக் கிளம்பிய குடும்பம், பாட்டியின் நடையில்தான் சுற்றி முடிக்கும்.

ஒருவழியாகத் திரை உயிர் பெறும். மாமாவின் பெருமை உச்சத்தில் இருக்கும் இந்த நிமிஷத்தில்தான் வீட்டு மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வருவார்.

"ஏன் அண்ணா, எட்டுன்னு சொன்னேளே, இதுல மூணே காலுன்னா காட்டறது?"

"மிச்சம் உள்ளே ரிசர்வா இருக்கும், கேட்டேளா? வேணும்போது எடுத்துக்கும்."

எடுத்துக்கொள்ளாது. எட்டு ஜிபி என்று எழுதி, அடைப்புக்குள் பயன்படக்கூடியது 3.25 என்று விண்டோஸ் காட்டினால் ஏறக்குறைய எப்போதும் காரணம் ஒன்றுதான்: உள்ளே இருப்பது 32-பிட் விண்டோஸ். 32 பிட்டால் எழுதக்கூடிய முகவரிகள் 4,29,49,67,296. அதாவது நாலு ஜிபி. அதிலும் கிராபிக்ஸ் முதலான சாதனங்களுக்கு ஒரு பங்கு போய்விடும். மற்றது ஸ்லாட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். பயாஸுக்குள் போய்ப் பார்த்து அங்கே எட்டு தெரிந்தால் ராம் நிரபராதி. மாமா பயாஸுக்குள் போகமாட்டார். நீலத் திரை அவருக்கு ஆகாது. இரண்டு ராமையும் கழற்றி, இடம் மாற்றி, மறுபடி ரப்பர் போடுவார்.

64-பிட் விண்டோஸைப் பழையதின் மேலேயே ஏற்றிவிட முடியாது. புதிதாகவே போட வேண்டும். முதலில் பேத்தியின் ஆண்டுநிறைவுப் படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அந்த வேலை மகன் தலையில் விழுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியும்.

64-பிட்டிலும் நாலுக்குமேல் ஏறாத வீடுகள் உண்டு. எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதிக்குப் போய் மேம்பட்ட அமைப்பைத் திறந்தால், அதிகபட்ச மெமரி என்ற கட்டத்தில் ஒரு டிக் இருக்கும், பக்கத்தில் 4096. அந்த டிக் வேகத்தைக் கூட்டுவதில்லை; இதற்குமேல் தொடாதே என்று விண்டோஸைத் தடுக்கிறது. நாலு ஜிபி இருந்த காலத்தில், எங்கோ கேட்ட யோசனையை நம்பி யாரோ போட்டது. யார் என்று விசாரித்தால் மாமா, "வைரஸாக்கும்" என்பார். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் எட்டும் வந்துவிடும்.

உண்மையிலேயே ராம் பழுதாவதும் உண்டு. ஒவ்வொன்றாகத் தனியே போட்டு, மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டால் குட்டு வெளிப்படும். மாமாவின் சோதனை காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கூலி வாங்கமாட்டார். கழற்றிய இரண்டு ஜிபி ராமை மட்டும் பழைய மாத்ருபூமி பத்திரிகைத் துண்டில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கரமனையில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதாம்.