பக்கத்து இருக்கையின் கட்டணம்: வெளிநாட்டு விமானப் பயணத்தில் சிக்கனமும் சுகமும் குறித்த ஓர் ஆய்வு

வெளிநாட்டு விமானப் பயணத்தில் சிக்கனமும் சுகமும் ஒன்றுக்கொன்று பகை என்பது நெடுங்காலமாக எவராலும் கேள்வி கேட்கப்படாமல் இருந்துவரும் முற்கோள் ஆகும். கால் நீட்டிப் படுக்க விரும்புபவர் பிசினஸ் கிளாஸுக்குப் பணத்தை அழ வேண்டும், பணத்தை அழ விரும்பாதவர் முழங்காலை முன்னிருக்கைக்குக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்று அது கூறும். இம்முற்கோள் பிழையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சுகத்துக்கு இதுவரை சொல்லப்பட்ட இலக்கணங்கள் அனைத்தும் இருக்கையின் அகலம், முதுகுச் சாய்வு, போர்வையின் கனம் என்று உடலோடு நின்றுவிட்டன. அவற்றை 'உடற்சுகம்' என ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், விமானத்தில் ஒருவர் அடையும் சுகத்தின் பெரும்பகுதி, தாம் கொடுத்ததைவிடப் பக்கத்து இருக்கைக்காரர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் என்ற அறிவிலிருந்தே பிறப்பது விளங்கும். இவ்வறிவால் விளையும் இன்பம் இங்கே 'ஒப்பீட்டுச் சுகம்' எனப்படுகிறது. இதைப் பெறுவதற்குச் செலவைக் குறைப்பதைத் தவிர வேறு வழியே இல்லாததால், சிக்கனமும் சுகமும் பகையல்ல, உடன்பிறப்புகள் என்பது தானே பெறப்படும்.

ஒப்பீட்டுச் சுகம் எல்லாக் காலத்திலும் இருந்ததன்று. 1944இல் சிகாகோவில் நாடுகள் கூடி வான்பயணத்துக்கான உடன்படிக்கையை வகுத்தன. அடுத்த ஆண்டு ஹவானாவில் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம், அதாவது ஏஜென்டுகள் 'ஐயாட்டா' என்று சொல்லும் அமைப்பு, தோன்றியது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை அச்சங்கத்தின் உறுப்பு நிறுவனங்கள் கூடிப் பேசி முடிவு செய்ய, அரசுகள் அதற்கு ஒப்புதல் அளித்தன. ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள் ஏறத்தாழ ஒரே தொகையைக் கொடுத்த அக்காலத்தில், பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து மகிழவோ பொறாமைப்படவோ எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

விலையில் மோத முடியாத நிறுவனங்கள் சாப்பாட்டில் மோதின. 1958இல் அட்லாண்டிக் வழித்தடத்தில் எகானமி வகுப்பு தொடங்கப்பட்டபோது, அவ்வகுப்பினருக்குச் சாண்ட்விச் போன்ற எளிய உணவையே தர வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., தன் நாட்டு வழக்கப்படி ஒரே ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியையும் மீனையும் மலைபோல் அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தான் என்று பரிமாறியது. போட்டி நிறுவனமான பான் ஆம் புகார் கொடுத்தது. விசாரணையின் முடிவில் எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதோடு, சாண்ட்விச் எனப்படுவது எளியதாகவும் ஆறியதாகவும் மலிவானதாகவும் இருத்தல் வேண்டும் என்ற கருத்தும் நிலைநாட்டப்பட்டது. ரொட்டியைப் பற்றி இவ்வளவு கறாரான இலக்கணம் எந்த மொழியின் சமையல் நூலிலும் இருக்குமா என்பது ஐயமே. ஐயாட்டாவில் சேராத ஐஸ்லாந்து நிறுவனமான லாஃப்ட்லைடிர் மட்டும், பிறரைவிட மெதுவான விமானங்களில், வழியில் ஐஸ்லாந்தில் இறக்கி ஏற்றி, குறைந்த கட்டணத்தில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பணம் மிச்சமாக வேண்டுமானால் சுற்றிப் போக வேண்டும் என்ற கோட்பாட்டின் தந்தை அதுவே.

ஒப்பீட்டுச் சுகத்துக்கு வித்திட்டது அமெரிக்கா. 1978இல் அந்நாடு தன் உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதலிய நிறுவனங்கள் கணினியின் துணையோடு வளர்த்தெடுத்த 'வருவாய் மேலாண்மை' என்னும் கலை, பின்னர் உலகெங்கும் பரவியது. ஒரே அறையில் உள்ள ஒரே மாதிரியான இருக்கைகளை ஆங்கில எழுத்துகளின் பெயரால் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை வைத்து, மலிவான எழுத்து விற்றுத் தீர்ந்ததும் அதை மூடி, அடுத்த எழுத்தைத் திறப்பதே அக்கலையின் சாரம். காலையில் பார்த்த கட்டணம் மாலையில் ஏறியிருந்தால், தாம் தேடியதைக் கணினி ஒட்டுக்கேட்டுவிட்டது என்று கருதி, இன்காக்னிட்டோவில் முகம் மறைத்துத் தேடும் ஒரு பிரிவினர் உளர். மூடப்பட்ட எழுத்து முகம் மறைத்தவருக்காகத் திறப்பதில்லை. எவ்வாறாயினும், ஒரே வரிசையில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும் மூவர் மூன்று வெவ்வேறு தொகைகளைக் கொடுத்திருக்கும் நிலை மனித வரலாற்றில் இவ்வாறுதான் உருவானது. அன்று முதல் ஆகாயத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் உண்டு.

இச்சுகத்தின் வலிமையைப் பயணம் முடிந்த இடத்தில் எளிதில் அளக்கலாம். ஸ்கார்பரோவிலோ மாம்பலத்திலோ வந்திறங்கும் தமிழரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, பயணம் எப்படி இருந்தது என்பதன்று. "டிக்கெட் எவ்வளவு ஆச்சு?" என்பதே அது, "சாப்பிட்டீங்களா?" என்பதுகூட அதற்குப் பின்னரே வரும். சொன்ன தொகையைக் கேட்டு எதிரே இருப்பவர் புருவத்தை உயர்த்தினால், பதினெட்டு மணி நேரம் நடு இருக்கையில் நெருக்குண்டவரும் நன்றாகத் தூங்கியதாக நினைவுகூர்வார். மாறாக, "அடடா, போன வாரம் நம்ம சித்தப்பா பையன் அஞ்சாயிரம் கம்மியா எடுத்தானே" என்ற ஒரு வாக்கியம் போதும். அதுவரை இல்லாத இடுப்பு வலி அன்றிரவே தொடங்கிவிடும். உடற்சுகம் ஒப்பீட்டுச் சுகத்தின் நிழலே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இனி, கட்டணம் எந்நாளில் குறையும் என்ற வினா எழுகிறது. வெள்ளியும் ஞாயிறும் கூட்ட நாள்கள், வார நடுவே பொதுவாக மலிவு என்பது பயணத் துறையில் நெடுநாளைய அனுபவம். இதற்குத் தமிழ் மரபில் ஆதாரம் உண்டா என்று தேடியபோது வியக்கத்தக்க ஒற்றுமை ஒன்று புலப்பட்டது. பஞ்சாங்கத்தில் சூலம் எனப்படுவது, இன்ன கிழமையில் இன்ன திசையில் பயணம் கூடாது என்னும் விலக்கு; அதன்படி மேற்குத் திசைக்குச் சூலம் ஞாயிறும் வெள்ளியும் ஆகும். துபாய், தோஹா, லண்டன் என்று சென்னைக்காரர்கள் பெரிதும் செல்லும் ஊர்கள் மேற்கிலேயே உள்ளன. ஆகவே விமான நிறுவனம் விலையேற்றும் நாள்களும் சூலம் வழிமறிக்கும் நாள்களும் ஒன்றாகவே அமைகின்றன. பஞ்சாங்கத்தைக் கணித்தவர்கள் வருவாய் மேலாண்மையை முன்னறிந்தார்களா, அல்லது விமான நிறுவனங்களின் கணினிக்குள் யாரேனும் பஞ்சாங்கத்தை நுழைத்துவிட்டார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. வெள்ளியன்றே போயாக வேண்டியவர்களுக்குப் பரிகாரமாக வெல்லம் சொல்லப்பட்டுள்ளது; அதைச் சாப்பிட்டாலும் கட்டணம் குறைவதில்லை.

அமெரிக்காவைப் பொறுத்தவரை சிக்கல் முற்றுகிறது. உருண்டையான பூமியின் மீது சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்குவழியில் கோடிழுத்தால் அது ஏறத்தாழ வடக்கு நோக்கியே கிளம்பும். வடக்குக்குச் சூலம் செவ்வாயும் புதனும், அதாவது மலிவான நாள்கள். ஆனால் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லாததால், பயணி வளைகுடா வழியாக மேற்கே போகிறார். மேற்கே போகிறவருக்குச் செவ்வாயன்று தடையில்லை. இடைநிறுத்தம் உள்ள டிக்கெட் மலிவாக இருப்பதோடு சாத்திரத்துக்கும் ஒத்ததாக இருப்பது குறிப்பிடத்தக்கது. இதில் எஞ்சும் ஒரே இடர், மீனம்பாக்கத்திலிருந்து வளைகுடா விமானங்கள் பல விடியலுக்கு முன் கிளம்புவதுதான். சனிக்கிழமை அதிகாலை மூன்றரை மணி விமானத்தை நிறுவனம் சனி என்று கணக்கில் கொள்ளும். சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் பஞ்சாங்கமோ அதை இன்னும் வெள்ளியாகவே வைத்திருக்கும். இந்த இரட்டைக் கணக்கால், 15ஆம் தேதி இரவு 12.40 மணி விமானத்துக்கு 15ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பி, முந்தின இரவே விமானம் போய்விட்டதைக் கவுன்ட்டரில் கேட்டறியும் குடும்பங்கள் உண்டு. புது டிக்கெட்டுக்கு அவர்கள் கொடுக்கும் தொகையே அந்த விமானத்தில் ஏனைய அனைவருக்கும் ஒப்பீட்டுச் சுகம் அளிப்பது.

உடற்சுகம் நிழலே ஆயினும், காசில்லாமல் கிடைக்கும்போது அதை மறுப்பது சிக்கனத்துக்கே இழுக்கு. டிக்கெட் எடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்த்து, விமானத்தின் வகையைப் பாராது விடுவது பெரும்பிழை. ஏர்பஸ் ஏ330இல் வரிசை பெரும்பாலும் இரண்டு, நான்கு, இரண்டு என அமைவதால், தம்பதியர் ஓரத்து இருவர் இருக்கையில் மூன்றாம் நபரின் முழங்கை இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம். போயிங் 777இல் இப்போது பெரும்பாலும் மூன்று, நான்கு, மூன்று. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகவும், பழைய விமானங்களில் ஏறத்தாழ 8,000 அடிக்கு ஒப்பாகவும் பேணப்படுவதால், கட்டணம் ஒன்றாக இருப்பின் முன்னவற்றில் ஏறுபவர் சோர்வு குறைந்து இறங்குகிறார். மூவர் வரிசையில் தம்பதியர் ஜன்னலோரத்தையும் நடைபாதையோரத்தையும் எடுத்துக்கொண்டு நடுவிருக்கையைக் காலியாக விட்டுவைப்பது மற்றோர் உத்தி. விமானம் நிரம்பாவிட்டால் மூன்று இருக்கையும் அவர்களுடையது. நிரம்பினால் வந்தவர் எவராயினும் ஓரத்துக்கு மாற மகிழ்ந்து சம்மதிப்பார், தம்பதியர் இடையே பேச்சுவார்த்தை இருக்கும் பட்சத்தில். தடுப்புச் சுவரை ஒட்டிய முன்வரிசையில் காலுக்கு இடம் தாராளம் என்று பாய்பவர்கள், குழந்தைக்கான தொட்டிலை மாட்டும் இடமும் அச்சுவரே என்பதை விமானம் கிளம்பிய பிறகே உணர்கிறார்கள்.

உணவில், முன்கூட்டியே சொல்லிவைத்தால் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் இந்திய சைவ உணவு தனிக் கவனத்துக்குரியது. சிறப்பு உணவு பெரும்பாலும் பொதுவண்டி வருவதற்கு முன்பே கொண்டுவந்து தரப்படும். சுற்றியுள்ள அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் உண்பது ஒப்பீட்டுச் சுகத்தின் உணவு வடிவம் ஆகும். முதலில் உண்டவர், கடைசி வரிசைக்காரரும் உண்டு முடித்துக் குப்பை வண்டி வரும் வரை அந்தத் தட்டை மடியில் ஏந்திக் காத்திருக்க வேண்டும் என்பது இச்சுகத்தின் வட்டி.

நிறுவனங்கள் மின்னஞ்சலில் அழைப்பு விடுத்து நடத்தும் இருக்கை உயர்வு ஏலத்தையும் இங்கே கருத வேண்டும். காலியாகக் கிடக்கும் பிசினஸ் இருக்கைக்கு எகானமிப் பயணி தம் விருப்பத் தொகையைக் குறிப்பிடலாம். நம் ஊர் ஏலச்சீட்டைப் போன்றதே இது என்றாலும், சீட்டில் எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தள்ளுபடி கேட்பார்கள். இதில் எதிராளியே கண்ணுக்குத் தெரியாததால், எவருமே கேட்காத இருக்கைக்குத் தன்னோடு தானே போட்டியிட்டு விலையேற்றிக்கொள்ளும் நிலை நேர்கிறது. மறை நகரத்து உத்தி எனப்படுவது இன்னொன்று: இடையில் உள்ள ஊருக்குப் போவதைவிட, அவ்வூர் வழியாக அதற்கு அப்பாலுள்ள ஊருக்கான டிக்கெட் மலிவாக இருந்தால், அதை எடுத்து இடையிலேயே இறங்கிவிடுவது. இதைத் தேடித் தரும் இணையதளத்தை நடத்தியவர் மீது 2014இல் யுனைடெட் நிறுவனம் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தது. தமிழரிடையே இவ்வுத்தி வேரூன்றாததற்குச் சட்ட அச்சம் காரணமன்று. பயணி இடையில் இறங்கினாலும், செக்-இன் செய்த இரண்டு 23 கிலோ பெட்டிகளும் டிக்கெட்டில் உள்ள கடைசி ஊருக்கே போகும். சாம்பார்ப் பொடியையும் வடகத்தையும் முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பிவிட்டு மகள் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நிற்க எந்தத் தாயும் ஒப்பமாட்டார். தனித்தனி நிறுவனங்களில் துண்டு துண்டாக டிக்கெட் எடுப்பதிலும் வேறோர் இடர் உண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், ஒரே டிக்கெட்டாக இருந்தால் மாற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாக இருந்தால் அது பயணியின் தலையெழுத்து.

கோட்பாட்டுக்கு எதிராக வலுவான ஆட்சேபம் ஒன்று எழுப்பப்படலாம். பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்பது கேட்டால்தான் தெரியும். கேட்டபின் அவர் குறைவாகக் கொடுத்தது தெரியவந்தால், எஞ்சிய பத்து மணி நேரமும் அவரருகிலேயே இருந்தாக வேண்டும். இதற்கு விடை, கேட்காதிருப்பதே. கூடுதலாகத்தான் கொடுத்திருப்பார் என்று முகத்தைப் பார்த்து அனுமானித்துக்கொள்வது அளவை நூலார் ஏற்கும் பிரமாணங்களில் ஒன்றேயாகும்.

இதனினும் கடினமான சோதனை 2019 புத்தாண்டையொட்டி நேர்ந்தது. ஹாங்காங்கின் கத்தே பசிபிக் நிறுவனம், வியட்நாமிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்வர, வழக்கமாகப் பல்லாயிரம் டாலர் பெறும் பிசினஸ், முதல் வகுப்புச் சீட்டுகளைப் பிழையாக ஆயிரம் டாலருக்கும் குறைவான விலையில் வெளியிட்டுவிட்டது. பிழை தெரிந்த பின்னும் விற்றவற்றை ரத்து செய்யாமல் ஏற்றுக்கொண்டது. சிக்கனமும் உடற்சுகமும் இவ்வளவு முழுமையாகக் கூடிய நிகழ்வு வேறில்லை என்பது பொதுக் கருத்து. ஆயினும் அந்நிறுவனத்தின் போயிங் 777இல் முதல் வகுப்பு இருக்கைகள் ஆறே ஆறுதான். செய்தி பரவிய வேகத்தைக் கருதினால், ஏதேனும் ஒரு நாளில் அந்த ஆறிலும் பிழை விலைக்காரர்களே படுத்திருந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் அறுவரில் எவரும் எவரையும்விட மலிவாகப் போகவில்லை. போர்வையும் பட்டு மெத்தையும் இருந்தும், கோட்பாட்டின்படி அந்த அறையில் சுகம் சுழியம். விதிவிலக்காக, திரைக்குப் பின்னால் எகானமியில் முழுக்கட்டணம் கொடுத்து உட்கார்ந்திருந்த ஒருவரை, கழிப்பறைக்குப் போகும் சாக்கில் அவர்கள் முறைபோட்டுச் சென்று பார்த்துவந்திருக்கலாம்.