கொடிக்கயிறும் குடியரசும்

பாசல், சுவிட்சர்லாந்து
ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தை முழங்காலுக்குப் புது எண்ணெய் கேட்டதா இல்லையா என்று இரண்டு பேரும் சொல்லாமலே மழுப்புகிறீர்கள். கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் போனில், "ஏட்டி, அங்க ஜனாதிபதி யாருட்டி?" என்று கேட்டீர்கள். நான் "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றதும் டீக்கடை பெஞ்சே சிரித்தது எனக்குக் கேட்டது. இருக்கிற நாட்டின் ஜனாதிபதி பெயர் தெரியாதவள் என்று என் மானம் பாளையங்கோட்டை முழுக்கப் போயிருக்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போன் என்றால் நடுவில் புகுந்து 1967-க்குப் போய்விடுவீர்கள். நானும் இதில் 1967-க்கு வருவேன். ஆனால் இது வேறு 1967.

முதலில் உங்கள் மாப்பிள்ளையைக் கேட்டேன். போன வருஷத்துப் பெயரைச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று போனால், அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஏழு பேர் மாமா. ஏழு பேர் சேர்ந்துதான் இந்த நாட்டு அரசாங்கம். நான்கு கட்சிகள், மூன்றுக்கு இரண்டிரண்டு நாற்காலி, நான்காவதற்கு ஒன்று. 1959-லிருந்து கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடிக்கிறது. ஜனாதிபதிப் பதவி நம் அத்தை வீட்டுச் சீட்டு மாதிரி, வருஷத்துக்கு ஒருத்தர் எடுக்கிறார். இந்த வருஷம் எடுத்திருப்பவர் காரின் கெல்லர்-சுட்டர், நிதி அமைச்சர். பெஞ்சில் சொல்லிவிடுங்கள். டிசம்பருக்குள் சொல்லிவிடுங்கள், ஜனவரியில் செல்லாது.

கான்வாய் கிடையாது, கட்-அவுட் கிடையாது. 2014-ல் டிடியே புர்கால்டர் என்று ஒரு ஜனாதிபதி, ரயில் மேடையில் தனியாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த படம் உலகமெல்லாம் சுற்றியது. மற்ற நாட்டுக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். இங்கே உள்ளவர்கள் ஆச்சரியப்பட்டிருந்தால், ரயில் தாமதமா என்றுதான் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

"இதெல்லாம் ஒரு அரசியலாட்டி?" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். தலைவருக்கு வேலை இல்லை என்றால் அந்த வேலையெல்லாம் ஜனங்கள் தலையில் விழுகிறது. வருஷத்துக்கு நான்கு தடவை வரை ஓட்டு உள்ளவர்களுக்கெல்லாம் ஒரு கனத்த உறை வரும். உள்ளே வாக்குச்சீட்டு, விளக்கப் புத்தகம். லட்சம் கையெழுத்தை ஒன்றரை வருஷத்துக்குள் வாங்கிவிட்டால், நீங்கள் நினைத்ததை நாடே ஓட்டுப் போட்டு முடிவு செய்யவேண்டும். நீங்கள் இங்கே பிறந்திருந்தால் வருஷம் பூராவும் கையெழுத்து வேட்டைதான்.

2018-ல் மாட்டுக் கொம்புக்கு ஓட்டு நடந்தது. விளையாட்டில்லை. இங்கே கன்றாக இருக்கும்போதே கொம்பைத் தீய்த்துவிடுகிறார்கள். கொம்பை விட்டு வைக்கும் விவசாயிக்கு அரசு மானியம் தரவேண்டும் என்று மலைப்பக்கத்து விவசாயி ஒருவர் கிளம்பி, கையெழுத்து சேர்த்து, நாட்டையே வாக்குச்சாவடிக்கு இழுத்தார். தோற்றது. ஆனால் நூற்றுக்கு 45 பேர் கொம்பு பக்கம். நம் தாத்தா கொம்புக்குக் கலர் அடித்து, நுனியில் குப்பி மாட்டிப் பொங்கலுக்கு ஓட்டி வந்ததைச் சொல்லியிருந்தால் இன்னும் ஆறு சதவீதம் நான் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

2012-ல் நடந்ததைத்தான் உங்கள் மாப்பிள்ளையால் இன்றைக்கு வரை ஜீரணிக்க முடியவில்லை. வருஷத்தில் குறைந்தது நான்கு வாரம் என்றிருக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை ஆறு வாரமாக்கலாமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்று போட்டார்கள். லீவை மாமா, லீவை! கம்பெனிகள் நொடித்துப்போகுமாம், அவர்களாகவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். லீவு தீர்ந்துபோய் கல்யாணத்துக்கு வர முடியாமல் போகும் ஒவ்வொரு தடவையும் இவர் அந்த மூன்றில் இரண்டு பங்கைப் பேர் தெரியாமலே திட்டுகிறார்.

இப்போது 1967. உங்கள் ஊரில் ஆட்சி மாறிய வருஷம், இந்த ஊரில் இரண்டு ஓவியத்துக்கு ஓட்டு. பாசல் அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் இரண்டு ஓவியங்கள் இரவலாக மாட்டியிருந்தன. சொந்தக்காரக் குடும்பத்துக்கு ஒரு விமானக் கம்பெனி இருந்தது. அதன் விமானம் சைப்ரசில் விழுந்து, கடன் ஏறி, படங்களை விற்கும் நிலை. விலை 84 லட்சம் பிராங்க். ஊர்ப் பணத்திலிருந்து 60 லட்சம் கொடுக்கலாமா என்று ஜனங்களையே கேட்டார்கள். மீதிக்கு ஊரே தெருவில் இறங்கிப் பிச்சைக்காரத் திருவிழா என்று ஒன்று நடத்தியது, செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கூடக் காசு சேர்த்தார்கள். ஓட்டிலும் ஜெயித்தது. இதைக் கேள்விப்பட்ட பிக்காசோ நெகிழ்ந்துபோய், தன் கையிருப்பிலிருந்து இன்னும் நான்கைச் சும்மா கொடுத்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். வாங்கிய இரண்டில் ஒன்றில் அண்ணன் தம்பி இரண்டு பேர், தம்பி அண்ணன் முதுகில் உப்புமூட்டை. இதற்கா இத்தனை லட்சம் என்று முதலில் தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். அரைமணி நேரம் கழித்துத்தான் அங்கிருந்து நகர்ந்தேன்.

அதே ஊர் போன வருஷம் பாட்டுப் போட்டிக்கும் ஓட்டுப் போட்டது. யூரோவிஷன் என்று, நாட்டுக்கு நாடு பாடும் போட்டி. நம் டிவி பாட்டுப் போட்டியை ஐரோப்பா முழுக்க விரித்து, மினுக்குத்துணி சுற்றி, புகை போட்டால் அதுதான். 2024-ல் நெமோ என்ற இந்த நாட்டுப் பிள்ளை ஜெயித்தது. ஜெயித்த நாட்டில்தான் அடுத்த வருஷப் போட்டி. பாசல் கேட்டு வாங்கியது. உடனே ஒரு சின்னக் கட்சி, கூத்துக்கெல்லாம் ஊர்ப்பணமா என்று கையெழுத்து வாங்கிவிட்டது. விட்டார்களா? நவம்பரில் ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு கூத்து பக்கம். இந்த மே மாதம் ஊர் அமர்க்களப்பட்டது. அரங்கத்தில் இடம் போதாமல் பக்கத்துக் கால்பந்து மைதானத்தையும் திறந்துவிட்டார்கள். ஜெயித்தது ஆஸ்திரியா. இந்த நாட்டுப் பெண்ணுக்கு நடுவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், மக்கள் ஓட்டிலோ சுத்தமாகப் பூஜ்யம். எடுத்ததற்கெல்லாம் மக்கள் ஓட்டு என்று கும்பிடுகிற நாட்டுக்கு, வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தும், மக்கள் போட்டது முட்டை. இரண்டு நாள் எனக்கு இதை நினைத்தே சிரிப்பு.

ஆனால் அந்த நவம்பர் நாளில் இன்னொரு கேள்வியும் சீட்டில் இருந்தது மாமா. வருஷக்கணக்கில் இங்கே இருந்து வரி கட்டும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த மாநில அளவில் ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று. இந்த ஊரில் மூன்றில் ஒருத்தருக்கு மேல் நாங்கள்தான். பாட்டுக்கு ஆம், எங்களுக்கு இல்லை. இவர்கள் வீட்டுப் பெண்களுக்கே நாடு முழுவதற்குமான ஓட்டு 1971-ல்தான் கிடைத்தது, நமக்கென்ன அவசரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். குடியுரிமை வாங்கலாம், பத்து வருஷம் வேண்டும், ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆர்காவ் மாநிலத்தில் ஒரு பெண் மாட்டு மணிச் சத்தத்தைப் பற்றிப் பேட்டி கொடுத்துக்கொண்டே இருந்ததால் அவர் கிராமத்து ஜனங்கள் இரண்டு தடவை குடியுரிமைக்குக் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் மாநிலம் தலையிட்டுக் கொடுத்தது. அதைப் படித்ததிலிருந்து எந்த மாட்டைப் பார்த்தாலும் சத்தமாகப் பாராட்டிவிட்டுத்தான் நகர்கிறேன்.

முருங்கைக்காய் வாங்கும் கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணம். எண்பதுகளில் வந்தவர், எப்போதோ குடிமகனாகிவிட்டார். உறை கல்லாவுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். "தங்கச்சி, பாட்டுக்கும் ஓம், உங்களுக்கும் ஓம் எண்டுதான் போட்டனான். ரெண்டில ஒண்டு வந்திருக்கு" என்று கொசுறாகக் கறிவேப்பிலை வைத்துக் கொடுத்தார். என்ன சொல்ல. கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டேன்.

சரி, எனக்கு ஓட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கட்டடத்தில் இருக்கிறது. அது துணியால் வந்தது.

ஆறு வீட்டுக்கும் அடித்தளத்தில் ஒரே வாஷிங் மெஷின். சுவரில் காலண்டர். நம் முறை வந்தால் சாவி நம் கையில். காலை 7-க்கு முன்னால் போடக்கூடாது, இரவு 9-க்குப் பிறகு ஓடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போகக்கூடாது. ஞாயிறு என்றால் இந்த நாட்டில் பாட்டிலைக்கூடக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் வருமாம். துவைத்து முடித்ததும் பஞ்சு வடிகட்டியைத் தட்டவேண்டும், சோப்புப் பெட்டியை இழுத்து வைக்கவேண்டும், கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரலை விட்டுத் துடைக்கவேண்டும், மெஷின் கதவை ஒருக்களித்து வைக்கவேண்டும், தரையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வரவேண்டும். கடைசியில் சொன்னது மட்டும் விதியில் இல்லை. என் கால் தடம் விழக்கூடாது என்று நானே கண்டுபிடித்தது. ரிட்டையர்டு டீச்சர், மூன்றாம் மாடி அம்மாள், அடுத்த முறை அவருடையது. ரப்பரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் கதவில் சீட்டு ஒட்டியிருக்கும். "நட்பான வணக்கங்களுடன்" என்றுதான் முடித்திருப்பார். நட்புக்குக் கீழே இரண்டு கோடு.

உலர்த்த ஒரு தனி அறை, ஐந்து கொடி. அத்தை கொடுத்துவிட்ட சுங்குடிச் சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஒரு சேலை ஐந்தரை மீட்டர், கொடியோ மூன்று மீட்டர். வளைத்து வளைத்துத்தானே போடவேண்டும்? மூன்று சேலையில் அறை கோவில் பந்தல் ஆகிவிட்டது. மாலையில் சீட்டு: விதிப்படி உடுப்புக்கு இத்தனை இடம், படுக்கை விரிப்புக்கு இத்தனை இடம், இது எந்த வகை? நியாயமான கேள்விதான் என்றார் உங்கள் மாப்பிள்ளை. அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

வெளியே பால்கனியில் போடலாமே என்பீர்கள். கம்பிக்கு மேலே துணி தெரிந்தால் தெருவின் அழகு கெடும், அதற்கும் விதி. ஆகவே மாடிப்படியில் கூட்டம். சீஸ், திராட்சை, மது எல்லாம் வைத்து, ரொம்ப மரியாதையாக. நான் ஒரு சேலையைக் கொண்டுபோய் மாடிப்படியில் விரித்துக் காட்டினேன். இது உடம்பில் உடுத்துவது, ஆகவே உடுப்பு, சட்டைக்கு என்ன சலுகையோ அதுதான் இதற்கும் என்று அரைகுறை ஜெர்மனில் வாதாடினேன். நீங்கள் இருந்து கேட்டிருக்கவேண்டும், கை தட்டியிருப்பீர்கள். கீழ்வீட்டுக்காரர் மீட்டர் கணக்கில் வசூலிக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார், எடுபடவில்லை. வீட்டுக்கு ஒரு ஓட்டு, காலி பிஸ்கட் டின்னில் மடித்த சீட்டு. இந்த நாட்டில் நான் போட்ட ஒரே ஓட்டு அதுதான். கை கொஞ்சம் நடுங்கியது மாமா.

நான்குக்கு இரண்டு. சேலை படுக்கை விரிப்பு என்று தீர்மானம் நிறைவேறியது. விரிப்பு வியாழக்கிழமை மட்டும். மறுநாள் விதிப்பலகையில் ஒரு வரி ஏறிவிட்டது, மற்ற விதிகளுக்கு நடுவில் அழகாக டைப் அடித்து. பாளையங்கோட்டைக்காரியின் சேலைக்கு ஐரோப்பாவில் ஒரு சட்டம் இருக்கிறது. பெஞ்சில் இதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி அம்மாள் எனக்கு எதிராகத்தான் போட்டிருப்பார். ஆனால் இப்போது வியாழக்கிழமை தோறும் தானே இறங்கி வந்து மறு முனையைப் பிடித்துக்கொள்கிறார். உதறி, நீளம் பார்த்து, நடந்து வந்து முனையை என் கையில் சேர்ப்பதில் அம்மாவைவிடச் சுத்தம். அம்மா பாதியில் பேச்சு வந்துவிட்டால் முனையை விட்டுவிடுவாள் இல்லையா? இவர் விடுவதே இல்லை. அதுதான் எனக்குச் சில சமயம் என்னவோ போல இருக்கிறது. பேச வேண்டியதெல்லாம் போனில் மிச்சமாகிவிடுகிறது.

கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக்கூடாது என்று இங்கே சட்டம், ஜோடி வேண்டும், தனிமை அதற்கு ஆகாதாம். தெருவுக்கு இரண்டு தமிழ்க் குடும்பம் கட்டாயம் என்று ஒரு லட்சம் கையெழுத்து கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

டிசம்பரில் இங்கிருந்து ஒருவர் சென்னை வருகிறார், பத்து கிலோ இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பளம், வடகம், அத்தையின் பருப்புப் பொடி. சேலையும் அனுப்பலாம், ஆனால் சாயம் போகுமா என்று கடையில் நனைத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சிவப்பு வேண்டவே வேண்டாம். டீச்சரம்மாளின் துணியெல்லாம் வெள்ளை, இன்னொரு கூட்டம் போட்டால் தாங்காது.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்