துப்பியல்

துப்பு என்பது யாதோ எனின், பவளம் என்ப ஒருசாரார். வலிமை என்ப பிறர். வள்ளுவர் வான்சிறப்பில் அதை உணவாக்கிப் பரிமாறிவிட்டார். மொன்றியலில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான். 1977 ஜூலை 6 அன்று, ஒலிம்பிக் விளையாட்டரங்கில், பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரொஜர் வோட்டர்ஸ் மேடையோரம் கூச்சலிட்ட ரசிகர் ஒருவர் மீது துப்பினார். துப்பிய வெட்கத்தில், தனக்கும் சனத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கினார். 1979இல் 'த வோல்' வந்தது. அதில் பள்ளிப் பிள்ளைகள் கூடிப் பாடும் 'அனதர் பிரிக் இன் த வோல்' இரண்டாம் பாகம் நல்ல பாட்டா, இல்லையா என்பதே ஆய்வுப் பொருள். களம், அதே மொன்றியலின் கோட்-டெ-நேஜில் சித்தப்பாவின் குசினி.

ராக் பாட்டு நால்வகைப்படும் என்க. ஏறி முடியாதது: எட்டு நிமிடம் படியேறும் 'ஸ்டேர்வே டு ஹெவன்'. பார்ட்டிகளில் தப்ப முடியாதது: 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. கட்டிலில் பிறந்தது: 1969 ஜூன் 1 அன்று இதே ஊரின் குயின் எலிசபெத் ஹோட்டல் 1742ஆம் அறையில், ஜோன் லெனனும் யோக்கோ ஓனோவும் படுக்கையை விட்டு இறங்காமலே பதிவு செய்த 'கிவ் பீஸ் எ சான்ஸ்'. எங்கள் வீட்டில் அதற்குச் சண்டை பிடிப்பார் இல்லை. சண்டை இல்லாவிடத்து ஆய்வும் இல்லை. நான்காவது, துப்பிப் பிறந்தது.

சித்தப்பாவின் முதற்கோள்: அது ராக் அல்ல, டிஸ்கோ (சித்தப்பா, முதலாம் ரோல்ஸ்). தயாரிப்பாளர் பொப் எஸ்ரின்தான் டிஸ்கோத் தாளம் வைக்கச் சொன்னவர் என்பது உண்மை. அவர் ரொறன்ரோக்காரர் என்பதும் உண்மை. "நாங்கள் துப்பிக் குடுத்ததை அவங்கள் தாளம் போட்டுப் பழுதாக்கிப்போட்டாங்கள்" (மேலது, மூன்றாம் ரோல்ஸ், மேசையில் தட்டிக் காட்டியது).

இரண்டாம் கோள் இலக்கணம் பற்றியது. சித்தப்பா ஊரில் வாத்தியாராக இருந்தவர். கல்வியை மறுக்கும் முதலடியில் மறை இரண்டு வருகிறது. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு. ஆகவே பிள்ளைகள் தமக்குக் கல்வி கட்டாயம் வேண்டும் என்றே கெஞ்சுகிறார்கள். இவ்வுரை வலிந்ததன்றோ எனின், அன்று. நச்சினார்க்கினியர் கையில் கிடைத்திருந்தால் அடுத்த இசைத்தட்டிலிருந்து ஒரு சொல்லைத் தூக்கிவந்து இங்கே கூட்டி, பாட்டையே ஆசிரியர் தின வாழ்த்தாக்கியிருப்பார். எச்சில் என்பது எச்சமாதலின், இப்பாட்டு எச்சவியலில் அடங்கும் எனவும், வினை முடியாமையின் வினையெச்சமே எனவும் நான் முன்மொழிந்தேன். மறுப்பு வரவில்லை, கேட்கவும் ஒருவரும் இல்லை. மாநாட்டில் கட்டுரை வாசித்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று.

மச்சானின் கட்சி முழுக்க டேவிட் கில்மோரின் கிட்டாரைச் சார்ந்தது. 1955ஆம் ஆண்டுக் கிப்சன் லெஸ் போல்; நேரே பதிவு மேசையில் செருகி வாசித்தது; பிள்ளைகள் பாடி முடித்த பின்னரே வருவது (மச்சான், மறுப்புரை, பிளேன்டீ ஆறுமுன்; ஒப்புநோக்குக: அவரே, பனி வழித்துக்கொண்டிருக்கையில், மேல்மாடி ஜன்னலை நோக்கி; பிற்பாதியைக் காற்று கொண்டுபோயிற்று; எஞ்சியதைச் சித்தி பதிப்பித்துள்ளார்; ஆயினும் அவர் பதிப்பில் 'விசர்' என்னும் சொல் மூன்றிடத்து இடைச்செருகலாகக் காணப்படுகிறது).

இங்கே ஓர் ஆய்வுச் சிக்கல். நாலு நிமிடம் வராத இப்பாட்டை இவ்வீட்டில் எவரும் கிட்டார் வரை கேட்டதில்லை. பிள்ளைகள் வாயெடுத்ததும் சித்தப்பா நிறுத்தி, "பாத்தியே, இரட்டை மறை" என்பார். மச்சான், "மாமா, கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வரும்" என்பார். மீண்டும் முதலிலிருந்து. நூலைத் திறக்காமலே அணிந்துரை எழுதும் பேராசிரியர்கள் நம்மிடை வாழ்வதால், இதைக் குறையாகக் கொள்ளவேண்டியதில்லை.

போன சனிக்கிழமை சித்தி கை துடைத்துக்கொண்டு வந்து, ஃபோனைப் பறித்தெடுத்தார். "ஒருக்கா முழுசா விடுங்கோவன்." பிள்ளைகள் பாடி ஓய்ந்தார்கள். கிட்டார் தொடங்கியது. மச்சான் கண்ணை மூடினார். சித்தப்பா வாய் திறக்கப் போனவர் அப்படியே நின்றார். முகம் கோணியது. எழுந்து குப்பைவாளிக்குப் போய், ஆட்டிறைச்சி ரோல்ஸில் கிடந்த எலும்புச் சில்லைத் துப்பினார்.

அதை வாய்வழித் தரவாகப் பதிந்துள்ளேன்.