கூப்பிட்டால் அகப்படாத சக ஊழியர்

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்யும் சக ஊழியர் அழைத்தால் அகப்படுவதே இல்லை. தூங்குகிறாரா? (தம்புள்ளை வாசகர்)

பதில்: அகப்படாதவர் எல்லாம் தூங்குபவர் அல்லர்; மின்சாரம் இல்லாமலும் இருக்கலாம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அதே ஆண்டு ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டால் அரச ஊழியர் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பணிக்கப்பட்டனர். மின்சாரம் போனால் ரவுட்டர் அந்தக் கணமே அணையும். தொலைபேசிக் கோபுரத்து பற்றரியும் நெடுநேரம் தாங்காது. அப்போது பத்துத் தடவை அழைத்தும் பயனில்லை. அகப்படும் நேரத்தை முன்கூட்டியே பேசிவைப்பதே வழி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இரவிரவாக மரக்கறி ஏற்றியவர் பகலில் படுத்தால் யாரும் குறை சொல்வதில்லை. லொறி போய்ச் சேர்ந்ததா என்பதே பேச்சு. உங்கள் சக ஊழியருக்கும் அதே அளவுகோல்தான்: வேலையின் தவணை தவறினால் மட்டும், மேலதிகாரிக்கு எழுதுமுன் அவரிடமே தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் நோயாளி இருக்கலாம்.