ஆட்டவாக்கியல்: நூற்பாவும் உரையும்

பாயிரம்

ஒருபுறம் நுவரெலியா, மறுபுறம் இராகலை, மேலே பனிமூட்டம், கீழே லீக்ஸ் பாத்தி. இந்நான்கும் எல்லையாக, நடுவே கிடக்கும் கந்தப்பளையே இந்நூலின் நிலம். யார் பொருட்டுச் செய்யப்பட்டதோ எனின், கணினி விளையாட்டு வடிவமைப்புப் படிக்கப் போய், இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு என்ன செய்வதென்று விழிக்கும் மாணாக்கர் பொருட்டு. பயன் யாதோ எனின், "நம்ம புள்ள கம்பியூட்டர் படிக்குது" என்று லயமெங்கும் சொல்லிவைத்த தாய்க்கு ஒரு மறுமொழி.

நூற்பா 1

ஆட்டம் ஆக்குநர் நால்வகை என்ப
படத்தர் கதையர் பரப்பர் விதியர்.

உரை: படத்தராவார், முதல் மூன்று மாதமும் கதாநாயகனின் தலைமயிரை அசைய வைப்பவர். மயிர் அசையும்; கதாநாயகன் அசையான். ஊர் நியூயோர்க். பனி மட்டும் கந்தப்பளைப் பனி. யன்னலைத் திறந்தால் சும்மா கிடைப்பதை பிளெண்டரில் ராவெல்லாம் கண்விழித்துச் செய்திருப்பார்.

கதையராவார், ஏழு பாகத்தில் கதை எழுதிவிட்டு, ஆடுபவர் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதை எட்டாம் பாகத்துக்குத் தள்ளிப்போடுபவர்.

பரப்பராவார், பிதுருதலாகலை உச்சி முதல் ஹட்டன் பஸ் நிலையம் வரை திறந்த உலகம் வேண்டுபவர். நான்கு ஜிபி மடிக்கணினி அவ்வுலகைச் சுமக்கமாட்டாமல் இரையும். இவர்க்கு 2022 மார்ச் பொற்காலம். நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற அந்நாளில், முடியாத வேலைக்கெல்லாம் நாடறிந்த காரணம் இருந்தது.

விதியராவார், கிழித்த அட்டை, சட்டைப் பொத்தான், ஒரு தாயக்கட்டை ஆகியவற்றோடு இஸ்தோப்பில் குந்துபவர். மற்ற மூவரையும் "படிக்கிறார்" என்னும் வீட்டார், இவரை மட்டும் "விளையாடுகிறார்" என்பர். வீட்டார் சொல்வது சரி; அதுவே படிப்பு.

ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் இணைய ஆட்டக்காரரை அடைவோர், தேடுவோர், பழகுவோர், கொல்வோர் என நான்காக்கினார். அவர் ஆடுவோரைப் பகுத்தார். யாம் ஆக்குவோரைப் பகுத்தோம். எண்ணை மட்டும் கடன் வாங்கினோம்.

நூற்பா 2

போட்டி தற்செயல் பாவனை கிறக்கமெனக்
காட்டிய நான்கும் கந்தப் பளைத்தே.

உரை: பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958இல் உலகத்து விளையாட்டுகளையெல்லாம் இந்நான்கில் அடக்கினார். எடுத்துக்காட்டு வருமாறு. போட்டி, டிவிஷனுக்கு டிவிஷன் மோதும் கிரிக்கெட். தற்செயல், கரட் விலை. விதைக்கையில் ஒன்று, பிடுங்குகையில் ஒன்று, லொறியில் ஏறியபின் மற்றொன்று. பாவனை, மாசியில் ஆடும் காமன் கூத்து. மன்மதனும் ரதியும் தெருவுக்கு வந்தபின் பார்ப்பவர் யார், நடிப்பவர் யார் என்று பிரிப்பது அரிது. கிறக்கம், இராகலைப் பாதையின் வளைவுகளில் பஸ்ஸின் கடைசி சீட்.

இத்தனையும் வாசலில் இருக்க மாணாக்கர் ஸோம்பி சுடும் ஆட்டமே செய்வது ஏன் எனின், யூடியூப் பாடம் ஸோம்பியோடு முடிந்துவிடுவதால் என்க.

நூற்பா 3

பறித்தல் ஒன்றே பயனிரு வகைத்தே
நிறுத்தல் உளதும் நிறுத்தல் இலதும்.

உரை: இதுவே இந்நூலின் உயிர். கந்தப்பளையின் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996 முதல் ஹோட்டல். அங்கே தங்கும் விருந்தினர் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கலாம். மழை வந்தால் விட்டுவிட்டுப் போகலாம். பக்கத்து மலையில் தோட்டத்துப் பெண்ணும் அதே ரெண்டு இலையும் மொட்டும் கிள்ளுகிறாள். முன்னது விளையாட்டு, பின்னது வேலை. விளையாட்டு என்பது விரும்பித் தொடங்குவது என்று டச்சு அறிஞர் ஹூயிசிங்கா 1938இல் எழுதினார். அவர் கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்ததில்லை. மலையில் குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம்; சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோக்கள் கழியும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று எண் ஏறும். நிறையை எழுதும் பேனா மட்டும் கை மாறுவதில்லை.

கிள்ளும் விரலும் கொழுந்தும் இரண்டிடத்தும் ஒன்றாயிருக்க, வேறுபடுவது விதி. அதை ஆக்குவதே வடிவமைப்பு. ஆகவே காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை, முதலாம் ஆண்டுப் பாடத்தைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே முடித்தது என்க.

கொழுந்து நிறுப்பது செயற்றிட்டமாகுமா என்பார்க்கு விடை இரண்டு. லூகஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்னும் ஆட்டத்தில் எல்லைச் சாவடி அலுவலர் முத்திரை குத்துவதே வேலை, குத்தியதற்கேற்பக் கூலி, கூலி குறைந்தால் வீட்டில் சோறோ சூடோ ஒன்று இல்லை. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வில், கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த்தாய் இட்லித்தட்டை எப்படி அடுக்குவது என்பதே முதற்புதிர்; சமையற் குறிப்பில் அழிந்த வரிகளை ஆடுபவர் ஊகிக்க வேண்டும். 2024இல் அது அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. இட்லித்தட்டு பாஃப்டா வரை போகுமாயின், கொழுந்துத் தராசு கொழும்பு வரையாவது போகும்.

நூற்பா 4

ஒருபல கைக்கே இருவிதி வகுப்பின்
திருவுடைத் தென்மனார் தெரிந்திசி னோரே.

உரை: எலிசபெத் மாகி என்னும் அமெரிக்கப் பெண் 1904இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்பதற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தைப் பிடித்துவைத்திருப்பவன் சும்மா இருந்தே பணக்காரனாவதைக் காட்டுவது அவர் நோக்கம். ஒரே பலகைக்கு இரண்டு விதித்தொகுதி வகுத்தார்: ஒன்றில் ஒருவர் மற்றவரை ஓட்டாண்டியாக்குவார், மற்றதில் வளம் எல்லார்க்கும் பரவும். அதன் வழிவந்த மொனொப்பொலி 1935இல் கடைக்கு வந்தபோது முதல் விதி மட்டுமே பெட்டிக்குள் இருந்தது. மாகிக்குக் கிடைத்தது 500 டொலர்.

எனவே விதியர்க்கு உரைப்பது: மழை, அட்டைக்கடி, சாக்கு, தராசு என்று சீட்டு எழுதுக. விதிப்புத்தகம் இரண்டு தருக. ஒன்றில் நிறுப்பவர் சொன்னதே நிறை; மற்றதில் தராசு முள்ளைக் கொழுந்து பறித்தவளும் பார்க்கலாம். "கிராபிக்ஸ் எங்கே?" என்று கேட்கும் தேர்வாளரை இரண்டையும் ஆடவைத்து, முதலாவதில் அரைப்பேர் போடுக. அவர் வாக்குவாதத்துக்கு வந்தால் செயற்றிட்டம் தேறியது.