ராக்கெட் தண்ணீர் ஊற்ற மறந்தவர்கள்

“வண்டி இழுக்க மாட்டேங்குது.”

சக்கரம் கண்டுபிடித்த மறுநாளே இந்தப் புகாரையும் கண்டுபிடித்திருப்பார்கள். சொல்பவருக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. கேட்பவரும் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். பானட்டைத் திறப்பார், உள்ளே இருப்பதிலேயே விலை கூடிய சாமான் எதுவோ அதன்மேல் பழியைப் போடுவார். இந்த நாடகம் 1962-ல் அமெரிக்காவில் வந்த ஒரு நல்ல காரையே காவு வாங்கியது.

காரின் பெயர் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். பிறந்த வீடு மிச்சிகன் மாநிலத்து லான்சிங். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் பெரிய கூட்டுக்குடும்பம். கேடிலாக் பட்டு வேட்டியோடு திண்ணையில் சாய்ந்திருக்கும் மூத்தவர். ஷெவர்லே வயலில் இறங்கி வேலை செய்து வீட்டுக்குச் சோறு போடுபவர். நடுவில் பிறந்த ஓல்ட்ஸ்மொபைலுக்கு, எல்லா நடுப்பிள்ளைகளையும்போல, ஏதாவது செய்து காட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு. 1949-லேயே தன் இன்ஜினுக்கு ‘ராக்கெட்’ என்று பெயர் வைத்துக்கொண்ட கம்பெனி அது. 1962 பிப்ரவரியில் ஜான் க்ளென் பூமியை மூன்று சுற்று சுற்றி இறங்கினார். ராக்கெட் என்று சொன்னால் குழந்தைகூடச் சோறு தின்னும் காலம். அந்த வருஷமே ஜெட்ஃபயர் கடைக்கு வந்தது. உள்ளே 3.5 லிட்டர் அலுமினிய வி8 இன்ஜின், அதன்மேல் ஒரு டர்போ.

டர்போ ஒன்றும் லான்சிங்காரர்கள் பெற்ற பிள்ளை இல்லை. சைலன்ஸர் வழியே வீணாக ஊருக்குள் போகும் புகையைப் பிடித்து, ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுழற்சியில் இன்ஜினுக்குள் காற்றை அடைக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஹி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு சான்ஃபோர்டு மாஸ் என்ற அமெரிக்கர் 1918-ல் ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். கீழே நாற்பது பேர் சிரித்திருப்பார்கள். மேலே இன்ஜின் சிரமமில்லாமல் ஓடியது.

ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும். சூடான கலவை, பிளக் பற்றவைத்த தீ தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்காது. இலை போடுமுன்னே பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்கும் ஆள் மாதிரி, தானே பற்றிக்கொண்டு பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கும். மெக்கானிக் பாஷையில் நாக்கிங். அதற்கு ஊரறிந்த வைத்தியம், இன்ஜின் கலவையை அமுக்கும் விகிதத்தை, அதாவது கம்ப்ரஷனைக் குறைப்பது. ஜெட்ஃபயர் வந்த அதே வருஷம் டர்போவோடு வந்த ஷெவர்லே கார்வேர் அதைத்தான் செய்தது. எட்டுக்கு ஒன்று என்று அடக்க ஒடுக்கமாக வைத்துக்கொண்டு 150 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டது.

நடுப்பிள்ளை கேட்குமா? டர்போ இல்லாத வண்டியில் இருந்த 10.25 கம்ப்ரஷனை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தலையில் டர்போவையும் ஏற்றினார்கள். இன்ஜினின் அளவு அவர்கள் கணக்கில் 215 கன அங்குலம். அங்குலத்துக்கு ஒரு குதிரை வீதம் 215 குதிரைத்திறன். விளம்பரத்தில் படிக்க ஜோராக இருக்கும். நாக்கிங்கை என்ன செய்வது? அங்கேதான் பாட்டில் வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்கள் அவசரத்துக்கு இன்ஜினுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் பீய்ச்சின. அமெரிக்காவின் தண்டர்போல்ட்டில் தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு இருந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் கலவைக்கு எம்டபிள்யூ 50 என்று பெயர் வைத்தார்கள், பாதிக்குப் பாதி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், நாக்கிங் அடங்கும். விமானி குண்டுக்குத் தப்பிக்க இரண்டு நிமிஷம் பலம் கிடைத்தால் போதும், அது நியாயம். ஓல்ட்ஸ்மொபைல் அதே கலவையில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு மருந்து சேர்த்து, ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயர் சூட்டியது. சாராய வாடை அடிக்கும் தண்ணீருக்கு இப்படியொரு பட்டாபிஷேகம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். விமானம் தரையிறங்கினால் எண்ணெய் பார்க்க, தண்ணீர் பார்க்க, சக்கரம் தட்டிப்பார்க்க ஒரு பட்டாளமே ஓடிவரும். ஜெட்ஃபயரை வாங்கியவரோ பல் டாக்டர். அவருக்கு யார் ஓடிவருவார்கள்?

பானட்டுக்கு அடியில் சுமார் ஐந்து லிட்டர் பிடிக்கும் தொட்டி. அதற்குப் பம்ப் கிடையாது, டர்போதான் பம்ப். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பூஸ்ட் ஏறும் (பாலில் கலக்கிற பூஸ்ட் இல்லை, டர்போ அடைக்கும் காற்றின் அழுத்தம்). அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு குழாய் வழியாகத் தொட்டிக்குள் போய் திரவத்தின் தலையில் உட்காரும். திரவம் வேறு வழியில்லாமல் இன்ஜினை நோக்கி ஓடும். யோசித்தவன் கெட்டிக்காரன், சந்தேகமே வேண்டாம். தொட்டி காலியானால் இன்ஜின் வெந்துபோகாமல் இருக்க, காற்றுப் பாதையில் இரண்டாவதாக ஒரு வால்வு வைத்தார்கள். திரவம் வராவிட்டால் அது சாத்திக்கொள்ளும், பூஸ்ட் ஏறாது, இன்ஜின் பிழைக்கும். ராக்கெட் அந்தக் கணமே மாட்டுவண்டி.

இனி வருவது எந்த ஆவணத்திலும் இல்லை. ஆனால் நூறு ஊர்களில் நடந்திருக்கும்.

“வண்டி இழுக்க மாட்டேங்குது” என்கிறார் பல் டாக்டர்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார். பாயின்ட்டைத் தேய்க்கிறார். டைமிங்கை ஒரு நூல் முன்னே தள்ளுகிறார், ஒரு நூல் பின்னே இழுக்கிறார். கார்புரேட்டரைப் பிரித்து மேஜைமேல் பரப்புகிறார். இருபது வருஷத் தொழில் அவருக்கு. டர்போவை மட்டும் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அதைத் தொட பயம், தெரியாது என்று சொல்ல வெட்கம். கடைசியில் ஏதோ தோன்றிக் கேட்கிறார்.

“டாக்டர், இதுல எப்போ ஊத்தினீங்க?”

“எதுல?”

“இந்தத் தொட்டியில.”

“அது கண்ணாடி கழுவுற தண்ணி இல்லியா?”

ஞாபகப்படுத்த காருக்குள் கேஜும் விளக்கும் இருந்தன. விளக்கு எரிந்தால் பார்க்கிற ஜாதியா நாம்? ஆயில் விளக்கு எரிவதைத் தீபாராதனை மாதிரி பார்த்துக்கொண்டே நூறு மைல் ஓட்டுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

காலித் தொட்டியாவது கண்ணுக்குத் தெரியும். மெக்கானிக்கை உண்மையில் பைத்தியமாக்கக்கூடியது நிரம்பியிருக்கும் தொட்டி. மூடி ஒரு சுற்று இறுகவில்லை, அல்லது ரப்பர் வளையம் காய்ந்துவிட்டது, அல்லது குழாயில் மயிரிழை விரிசல். உள்ளே திரவம் தளும்புகிறது, அதைத் தள்ள வேண்டிய காற்று வழியிலேயே கசிகிறது. அளவு இருக்கிறது, அழுத்தம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது பூஸ்ட்டும் இல்லை, ஆகவே கசிவும் இல்லை. வண்டி ஐடிலில் பூனைபோல் முனகுகிறது. டாக்டர் வீட்டு வாசலில் ஏறியதும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தை மாதிரி, நோய் அங்கே வருவதே இல்லை. சாலையில் ஏறி மிதித்தால்தான் வரும்.

அந்த மெக்கானிக்கை நினைத்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒரு நண்பனும் ஒரு முறை மூன்று வாரம் அதே கோமாளித்தனத்தைச் செய்தோம். அவன் வாங்கியது பழைய டர்போ செடான். முன்னால் வைத்திருந்தவர் பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது மேப் என்று கைக்கு வந்ததையெல்லாம் மாட்டியிருந்தார். ஊருக்குள் அருமையாக ஓடும். ஹைவேயில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் நாலு எட்டு பாய்ந்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி திக்கும்.

ஒரு ஒர்க்‌ஷாப் பெட்ரோல் பம்ப் போயிடுச்சு என்றது. மாற்றினோம். இன்னொன்று இன்ஜெக்டர் அடைப்பு என்றது. கழற்றி சுத்தம் செய்தோம். ஃபில்டர், ரிலே, ரெகுலேட்டர். வண்டியின் விலையில் கால்வாசியைத் தாண்டியபிறகுதான் “மச்சி, பிரஷர் எவ்ளோன்னு எவனாச்சும் பாத்தானாடா?” என்று அவனுக்கே தோன்றியது. யாரும் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் காதால்தான் வைத்தியம் பார்த்திருந்தார்கள்.

கணக்கு எளிமையானது. அந்த வண்டியில் பெட்ரோல், இன்ஜெக்டருக்கு வெளியே இருக்கும் காற்றைவிட எப்போதும் 3 பார் கூடுதல் அழுத்தத்தில் நிற்க வேண்டும். பூஸ்ட் 1 பார் ஏறினால் பெட்ரோல் 4 பாருக்கு ஏற வேண்டும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே படியேற வேண்டும். தம்பி நின்றுவிட்டால் இன்ஜினுக்குக் காற்று மட்டும் கிடைக்கும், பெட்ரோல் கிடைக்காது. அதன்பின் பிஸ்டன் மெழுகு.

நீள ஹோஸ் ஒன்றில் கேஜை மாட்டி, பானட் ஓரத்து இடுக்கு வழியே வெளியே எடுத்து, வைப்பரோடு சேர்த்து டேப் போட்டு முன்கண்ணாடியில் ஒட்டினோம். அவன் ஓட்ட, நான் கேஜைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று ஏற்பாடு. ஐடிலில் சரி. மெதுவாக ஓட்டினால் சரி. மிதித்தான். 3.2, 3.5, “ஏறுதுடா ஏறுதுடா”, 3.6. முள் அங்கே ஒரு நொடி யோசித்தது. பூஸ்ட் மேலே போக, முள் கீழே வந்தது. 3-க்கும் கீழே. “காலை எடுடா!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் போன பைக்காரர் பிரேக் அடித்தார்.

பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தோம். பம்ப் புதிது, பளபளவென்று இருந்தது. அதன் வாயிலிருந்து மேலே இரும்புக் குழாய்க்குப் போகும் ஒரு ஜாண் ஹோஸ் இருக்கிறதே, அது தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி கையில் கொழகொழத்தது. பெட்ரோல் ஹோஸ்தான். ஆனால் பெட்ரோல் உள்ளே ஓடத்தான் அது தாங்கும்; வெளியேயும் பெட்ரோலில் முங்கிக் கிடக்கத் தாங்காது. டேங்குக்குள் போட அதற்கென்று தனி ரகம் உண்டு. அடிப்பக்கம் நகக்குறி போல ஒரு கீறல். அழுத்தம் குறைவாக இருந்தால் உதடு மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் வாயைத் திறந்து பெட்ரோலை டேங்குக்குள்ளேயே திருப்பிக் கொட்டும். வெளியே ஒரு சொட்டு இல்லை, வாடை இல்லை. பம்ப்பை மாற்றிய கைகள் அந்த ஹோஸைக் கழற்றித் துடைத்து, அதே ஹோஸைத் திரும்பவும் மாட்டியிருந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஓல்ட்ஸ்மொபைலுக்கு வருவோம். 300 டாலருக்குமேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வண்டி சும்மா வண்டியைவிட மெதுவாகப் போனால் எந்த மனுஷனுக்கும் வயிறு எரியும். இரண்டு வருஷத்தில் பத்தாயிரம்கூட விற்கவில்லை. 1963-ஓடு கடையைக் கட்டினார்கள். 1965-ல் கம்பெனி ஓர் அற்புதமான தீர்வோடு வந்தது: வண்டியைக் கொண்டுவாருங்கள், டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தருகிறோம். தலைவலிக்குத் தலையை எடுக்கும் வைத்தியம். நிறையப் பேர் சந்தோஷமாகத் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முழுசாகத் தப்பிய ஜெட்ஃபயர்கள் இன்று அபூர்வமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால் அந்த அலுமினிய இன்ஜின் நல்ல ஜாதி. ஓல்ட்ஸ்மொபைலின் எஃப்-85 காருக்கு வார்த்த அதே பிளாக்கை ஆஸ்திரேலியாவின் ரெப்கோ கம்பெனி வாங்கிச் செதுக்கியது. அதை வைத்து 1966-ல் ஜாக் பிராபம் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார், அதுவும் தன் பெயரிட்ட காரில். கூட்டுக்குடும்பத்தின் இன்னொரு பிள்ளையான ப்யூக்கிடமும் அதே இன்ஜினின் ஒரு வடிவம் இருந்தது. மெர்க்குரி மரீன் என்ற படகு இன்ஜின் பட்டறைக்குப் போன ரோவர் கம்பெனி அதிகாரி வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அதைப் பார்த்து ஆசைப்பட, பாத்திரக்காரிக்குப் பழைய புடவை போடுவதுபோல ஜெனரல் மோட்டார்ஸ் உரிமையை விற்றுவிட்டது. ரோவர் வீட்டில் அந்த இன்ஜின் 1967-லிருந்து 2004 வரை ஓடியது. ரேஞ்ச் ரோவர் பல வருஷம் சேறு மிதித்தது அதன் பலத்தில்தான். இந்தப் பிழைப்பில் எங்கும் டர்போ இல்லை, தொட்டி இல்லை, ஊற்ற மறக்க ஒன்றுமே இல்லை.

தண்ணீரும் மெத்தனாலும் பீய்ச்சும் வித்தை மட்டும் சாகவில்லை. டர்போ வண்டியை முறுக்கேற்றுபவர்கள் இன்றும் அதைப் பூட்டுகிறார்கள், இப்போது தனிப் பம்ப்போடு. அமெரிக்காவில் கலவைக்கு அலைய வேண்டியதுகூட இல்லை. குளிரில் உறையாமல் இருக்க அங்கே கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரில் மெத்தனால்தான் கலக்கிறார்கள். பலர் கடையில் அந்தக் கேனை வாங்கி அப்படியே தொட்டியில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

பல் டாக்டர் அப்படியொன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.