வெயில் தின்னும் புளிப்பு

கேள்வி: வெயில் கூடினால் திராட்சை நன்றாக இனிக்குமே! ஜெர்மனி விவசாயிக்கு என்ன கவலை? (வாசகர், கம்பம்)

பதில்: இனிப்பு மட்டும் போதுமா? புளி குறைந்த ரசத்தில் வெல்லத்தைக் கூட்டிப் பாருங்கள். அங்கே ஒயினுக்காக வளர்க்கும் ரீஸ்லிங் திராட்சைக்குப் புளிப்புதான் உயிர். வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்பு தரும் மாலிக் அமிலம் குறையும். கூடிய சர்க்கரை நொதித்து ஆல்கஹால் ஆகும்; ஒயின் கனத்து, துள்ளல் போய்விடும். 2003 கோடையில் புளிப்பு அவ்வளவு இறங்கியதால், வழக்கமாக அனுமதிக்காத அமிலச் சேர்ப்பை அந்த ஆண்டு விதிவிலக்காக அனுமதித்தார்கள்.

உங்கள் ஊர் பன்னீர் திராட்சை ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை காய்க்கும். அங்கே ஒரே அறுவடை. பாட்டிலில் அச்சிட்ட ஆண்டு, அந்த ஒரு கோடையின் கதை.

கேள்வி: அப்படியானால் வெயில் ஆண்டெல்லாம் கெட்ட ஆண்டா?

பதில்: இல்லவே இல்லை. 1921, 1959, 1976 எல்லாம் வெயில் ஆண்டுகள், இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தக் குளிர்நாட்டில் பழம் பழுப்பதே பெரும்பாடாக இருந்தது. அதனால்தான் மோசல் ஆற்றங்கரையில், நிற்கவே கால் வழுக்கும் சிலேட்டுக்கல் சரிவுகளில் கொடி நட்டார்கள். பகலில் சூடேறிய கல், இரவில் கொடிக்குக் கதகதப்பு தரும்.

1540இல் ஐரோப்பாவையே கொடும் வறட்சி வாட்டியது. அந்த ஆண்டில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் ஊரில் எடுத்த ஒயினை 1961இல் லண்டனில் திறந்து சுவைத்தார் எழுத்தாளர் ஹியூ ஜான்சன். 421 ஆண்டுக்குப் பிறகும் அதில் உயிர் இருந்தது. காற்றுப் பட்ட சில நிமிடத்தில் போய்விட்டது. எனக்கு மறக்க முடியாத செய்தி இது.

கேள்வி: இப்போது என்ன மாறிவிட்டது?

பதில்: எப்போதோ வந்த கோடை அடிக்கடி வருகிறது. 2019 ஜூலை 25 அன்று ஜெர்மனியில் 41.2 டிகிரி பதிவானது. வெயில் நேரே விழுந்த பக்கத்துப் பழங்கள் பழுப்பேறிச் சுருங்கின; இலை மறைவில் இருந்தவை தப்பின. வெயில் படட்டும் என்று இலையைக் கிள்ளிவந்த கைகள், இப்போது நிழலுக்காக இலையை விட்டுவைக்கின்றன.

கேள்வி: பனியில் உறைந்த பழத்திலும் ஒயின் எடுப்பார்களாமே?

பதில்: ஐஸ்வைன். பழம் கொடியிலேயே உறைய வேண்டும். அதற்கு மைனஸ் 7 டிகிரியாவது வேண்டும். உறைந்தபடியே பிழிந்தால் நீர் பனிக்கட்டியாய்த் தங்க, தேன்போன்ற சாறு மட்டும் சொட்டும். 2019 பழத்தை விட்டுவைத்துக் குளிருக்காகக் காத்திருந்தார்கள். ஜெர்மனியின் 13 ஒயின் வட்டாரங்களில் ஒன்றில்கூட அந்தக் குளிர் வரவில்லை.